ஜேர்மானியம் ஃபஸ் பெடலுக்கு எந்த அடப்ரர்?

கோண்டாவில் கிற்றார்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று மாதமாகத் தட்டித் தடவி ஒரு ஃபஸ் பெடல் (கிற்றார் சத்தத்தை நசித்துத் தடிப்பாக்கும் கால்மிதிப் பெட்டி) செய்து முடித்திருக்கிறேன். 1966 இல் லண்டனில் ஆர்பிற்றர் கொம்பனி விட்டதே, வட்டமான ஃபஸ் ஃபேஸ், அதன் சுற்றுத்தான். இரண்டு ஜேர்மானியம் ரான்சிஸ்ரர், இரண்டும் ஏசி 128, பிஎன்பி வகை. ஒன்று அப்பப்பாவின் உடைந்த றேடியோவில் கழற்றியது. மற்றது கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடையின் பழைய டப்பாவுக்குள் கிடந்தது. வீட்டில் 9 வோல்ற் பற்றரியில் அருமையாகக் கத்தியது.

போன சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டில் வாசிக்கப் போனோம். பற்றரி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று, டிலே பெடலுக்கு (எதிரொலி தருகிற பெட்டி) போகும் அடப்ரர் வயரிலேயே இதற்கும் ஒரு கிளை எடுத்தேன். பிளஸ், மைனஸ் இரண்டு தரம் பார்த்துத்தான் கொடுத்தேன். பெடல் இரண்டையும் வயரால் இணைத்த உடனே எல்லா லைற்றும் அணைந்தது. அடப்ரர் கொதித்து ஒரு மணம் வேறு.

கேள்வி இதுதான்: இதற்கு எத்தனை மில்லி அம்பியர் அடப்ரர் வேண்டும்? 500 போதுமா, 1 அம்பியராவது வேண்டுமா?

சுண்டிக்குளி பேஸ்

அந்த மணம் நீதானா மச்சான்? நான் பந்தலுக்குப் பின்னால் வடை கருகுகிறது என்று நினைத்துச் சமையல்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். மனுசன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

மானிப்பாய் மின்

தம்பி, அடப்ரர் சிறியதாக இருந்ததால் கருகவில்லை. 10 அம்பியர் கொடுத்திருந்தால் வயரும் சேர்ந்து கருகியிருக்கும்.

உங்கள் ரான்சிஸ்ரர் பிஎன்பி. அந்தப் பழைய சுற்றில் பற்றரியின் பிளஸ்தான் எர்த், அதாவது பெட்டியோடும் ஜக்கின் வெளி உலோகத்தோடும் சேர்வது. டிலே பெடலில் மைனஸ்தான் எர்த். இரண்டையும் ஒரே அடப்ரரில் தனித்தனியே மாட்டினால் ஒன்றும் நடக்காது, இரண்டும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றிலிருந்து மற்றதுக்குக் கிற்றார் வயரைச் செருகிய நிமிடம், அந்த வயரின் வெளிப் பின்னல் இரண்டு எர்த்தையும் சேர்த்துவிடும். ஒரு பக்கம் அடப்ரரின் பிளஸ், மறுபக்கம் அதே அடப்ரரின் மைனஸ். நேரடி ஷோர்ட். அதனால்தான் நீங்கள் இரண்டு தரம் பார்த்தும் பிழைத்தது.

எத்தனை மில்லி அம்பியர் என்ற கேள்விக்கு வருவோம். முதல் ரான்சிஸ்ரரின் கலெக்ரர் காலில் 33 கிலோ ஓம் றெசிஸ்ரர் இருக்கிறது. அதில் ஏறத்தாழ 8 வோல்ற் விழும், ஆகவே கால் மில்லி அம்பியர். இரண்டாவதில் 8.2 கிலோ ஓமும் 470 ஓமும். பாதி வோல்ற்றேஜில் நிறுத்தினால் அரை மில்லி அம்பியருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் 0.8 மில்லி அம்பியர். ஒரு அம்பியர் அடப்ரர் வாங்குவது, தேத்தண்ணிக் கோப்பையை நிரப்பக் கீரிமலைக் கேணியைத் திறந்துவிடுகிற கதை.

கோண்டாவில் கிற்றார்

0.8 ஆ? சரியான கணக்கா அக்கா? அப்படியென்றால் என் பற்றரி ஏன் இரண்டு கிழமையில் செத்தது?

பழைய றேடியோ

தம்பி, பிள்ளை சொன்ன கணக்குச் சரி. உன் பெடலில் எல்ஈடி ஒன்று பூட்டியிருக்கிறாயல்லவா? அதோடு என்ன றெசிஸ்ரர் போட்டாய்?

கோண்டாவில் கிற்றார்

ஓம் ஐயா, சிவப்பு எல்ஈடி. 1 கிலோ ஓம்.

பழைய றேடியோ

கள்ளன் அகப்பட்டான். 9 இல் எல்ஈடிக்கு 2 போக மிச்சம் 7 வோல்ற், 1 கிலோ ஓம், ஆக 7 மில்லி அம்பியர். பாட்டுப் பாடுகிறவனுக்கு 0.8, விளக்குப் பிடிக்கிறவனுக்கு 7. சாதாரண கார்பன் சிங்க் 9 வோல்ற் பற்றரியில் 400 மில்லி அம்பியர் மணி இருக்கும் என்று வை. விளக்கோடு 50 மணித்தியாலம். விளக்கில்லாமல் 500. பிரகாசமான எல்ஈடி ஒன்றைப் போட்டு 10 கிலோ ஓம் கொடு, இருட்டு மேடையில் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொன்று: வாசித்து முடிந்ததும் கிற்றார் வயரைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே வரும் ஜக் ஸ்ரீரியோ ஜக்காக இருந்து, அதன் நடு வளையத்தில் பற்றரியின் ஒரு கால் பூட்டியிருந்தால், வயரைக் கழற்றினாலே பற்றரி அறுந்துவிடும். பழைய பெடல்கள் பலவும் அப்படித்தான். உன்னுடையதில் பிளஸ் எர்த் என்பதால் வளையத்துக்குப் போக வேண்டியது பற்றரியின் பிளஸ். மற்றப் பெடல்களின் படத்தைப் பார்த்து மைனஸைப் பூட்டிவிடாதே.

எங்கள் காலத்தில் ஒரு பற்றரி என்றால் பொன். 90 களில் இங்கே கரண்டும் இல்லை, பற்றரி கொண்டுவரவும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை உருட்டி, நாலு டயோட்டால் நேராக்கிச் செய்தி கேட்ட ஆட்கள் நாங்கள். டைனமோ 6 வோல்ற், 3 வோற். மிதிக்கிறவன் களைத்தால் வாசிக்கிறவரின் குரலும் களைக்கும். அந்த 3 வோற்றில் உன் பெடலைப் போல நானூறு ஓட்டலாம், தம்பி.

சுண்டிக்குளி பேஸ்

சைக்கிள் மிதித்து ஃபஸ் பெடல்! அடுத்த கலியாணத்தில் ட்ரம்ஸ்காரரை மிதிக்க விடுவோம். மனுசன் எப்படியும் வேகம் பிடித்து நிற்பதில்லை.

(ஒரு பக்கத் தகவல்: இந்த இழையில் “ஓம்” என்று வரும்போதெல்லாம் சம்மதமா, றெசிஸ்ரரா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டியிருக்கிறது.)

ஸ்காபரோ குளிர்

தாமதமாக வருகிறேன், இங்கே நேரம் வேறு. நானும் இதே பெடலை இரண்டு தரம் செய்தவன். தம்பி, அடப்ரர் கதையே வேண்டாம். ஜேர்மானியம் ஃபஸ்ஸுக்கு மலிவான கார்பன் சிங்க் பற்றரிதான். அல்கலைன் போட்டால் சத்தம் கூர்மையாகி வெட்டும். கார்பன் சிங்கின் உள் தடை கூட, அதனால் அடிக்கும்போது வோல்ற்றேஜ் தாழ்ந்து எழும்பும், அந்த மூச்சுத்தான் அழகு. அரைச் சீவன் போன பற்றரியைத் தேடிப் பொறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

மானிப்பாய் மின்

அண்ணை, கார்பன் சிங்க் நன்றாக இருக்கிறது என்பதில் சண்டையில்லை. காரணத்தில்தான் சண்டை.

புதுக் கார்பன் சிங்கின் உள் தடை சில பத்து ஓம் என்று வைப்போம். 50 ஓம் என்றாலும் 0.8 மில்லி அம்பியருக்கு 0.04 வோல்ற் தான் விழும். இந்தச் சுற்று அடிக்கும்போதும் அதற்கு மேல் பெரிதாக இழுக்காது. 0.04 வோல்ற்றில் என்ன மூச்சு? பெரிய வால்வு அம்ப்ளிஃபயரில் நடப்பதைக் கொண்டுவந்து இதற்குப் பொருத்திவிட்டார்கள்.

ஆனால் பாவித்த பற்றரி சும்மா கிடக்கும்போதே 8 அல்லது 7.5 காட்டும். புது அல்கலைன் 9.5 காட்டும். அந்த வித்தியாசம் காதுக்குக் கேட்கும். வோல்ற்றேஜ் குறைந்தால் அலையின் உச்சி முந்தியே மோதி நசியும். சத்தமும் குறையும், இரண்டாவது ரான்சிஸ்ரரின் நிலையும் நகரும். அரைச் சீவன் பற்றரியைப் பொறுக்கத் தேவையில்லை. ஒரு 1 கிலோ ஓம் பிறீசெற்றை (திருப்புளியால் கூட்டிக் குறைக்கிற றெசிஸ்ரர்) தொடராகப் போட்டால் 0.8 வோல்ற் வரை நினைத்த அளவு குறைக்கலாம். பின்னால் 470 மைக்ரோ ஃபரட் கொண்டென்சர் ஒன்றை வைத்தால், முழு 1 கிலோ ஓமிலும் அது 0.34 ஹேர்ட்ஸுக்கு மேல் உள்ளதையெல்லாம் வடிக்கத் தொடங்கும். நேராக்கிய கரண்டில் வரும் 100 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஏறத்தாழ முந்நூறில் ஒரு பங்காகும். மற்றப் பெடல்கள் பலவற்றில் இவ்வளவு பெரிய றெசிஸ்ரரைப் போட முடியாது, எல்லா வோல்ற்றேஜையும் தின்றுவிடும். இது குடிப்பது 0.8 என்பதால்தான் இந்த வசதி.

ஸ்காபரோ குளிர்

சரி பிள்ளை, கணக்கில் தோற்றேன். காது இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விசயம்.

வோல்ற்றேஜ் குறைவைப் பற்றி ஒன்று ஞாபகம் வருகிறது. 1962 இல் கிப்சன் கொம்பனி விட்ட மேஸ்ட்ரோ ஃபஸ் பெடல் மூன்று ஜேர்மானியம் ரான்சிஸ்ரரோடு 3 வோல்ற்றில்தான் ஓடியது. ரோச் லைற் பற்றரி இரண்டு. பிறகு வந்த வடிவத்துக்கு அதுகூட இல்லை, ஒன்றரை வோல்ற் ஒற்றைப் பற்றரி. சிலிக்கன் ரான்சிஸ்ரர் விழித்துக்கொள்ளவே 0.6 வோல்ற் கேட்கும், ஜேர்மானியத்துக்கு 0.2, 0.3 போதும். அதனால் அது நடந்தது. 9 வோல்ற் வேதவாக்கு இல்லை.

கோண்டாவில் கிற்றார்

நன்றி அண்ணை, அக்கா. ஆனால் எனக்கு அடப்ரரும் வேண்டும். பற்றரி நடுப் பாட்டில் போனால் என்ன செய்வது? இணையத்தில் ஒரு ஐசி பார்த்தேன், பிளஸ்ஸை மைனஸாக மாற்றித் தருமாம். 7660.

மானிப்பாய் மின்

அதுதான் இங்கே பலரும் போகிற வழி. வேலை செய்யும். ஆனால் மூன்று இடத்தில் காலைத் தடக்கும்.

முதலாவது, எஸ் எழுத்து. ஐசிஎல் 7660 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 10 வோல்ற் வரைதான். 7660 எஸ் 12 வரை தாங்கும். பழைய இரும்புக் கரு ரான்ஸ்ஃபோமர் அடப்ரரில் 9 என்று எழுதியிருக்கும், சுமை இல்லாமல் அளந்தால் 12, 13 காட்டும். உங்கள் பெடல் சுமையே இல்லை என்பதால் அது அங்கேயே நிற்கும். ஐசி போய்விடும். மீற்றர் வைத்து அளக்காமல் ஒன்றையும் செருக வேண்டாம்.

இரண்டாவது, அது உள்ளே 10 கிலோ ஹேர்ட்ஸில் துடிக்கும். அது காதுக்குக் கேட்கிற இடம். ஃபஸ் அதைப் பிடித்துப் பெருப்பித்து நுளம்புச் சத்தம் போடும். எஸ் வகையில் 1 ஆம் காலை 8 ஆம் காலோடு சேர்த்தால் துடிப்பு 35 கிலோ ஹேர்ட்ஸுக்கு ஏறிவிடும், நாய்க்குத்தான் கேட்கும். அதே உருவத்தில் எல்டி 1054 என்று ஒன்று விற்கிறார்கள், 15 வோல்ற் தாங்கும் நல்ல ஐசி. ஆனால் அதில் 1 ஆம் காலுக்கு வேறு வேலை, பழைய படத்தைப் பார்த்து 8 ஓடு சேர்க்கக் கூடாது.

மூன்றாவது, போலி. எழுத்தை அழித்து மேலே வேறு எழுத்து அடித்த ஐசிக்கள் உண்டு. மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

ஐசி பிடிக்காவிட்டால், இந்தப் பெடலுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன அடப்ரர். வேறு எதனோடும் பகிராத அடப்ரரின் பிளஸ்ஸை எர்த்தில் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. அதோடு தொடராக ஒரு 1 என் 5817 டயோட். ஜேர்மானியம் தலைகீழாகப் பாய்ந்தால் மன்னிக்காது.

பழைய றேடியோ

எல்லாம் சரி. நான் கேட்க நினைத்ததை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. தம்பி, பெடலை எந்த நேரத்தில் வைத்துச் சரிபார்த்தாய்?

கோண்டாவில் கிற்றார்

இரவில் ஐயா. பகலில் வேலை. ஏன்?

பழைய றேடியோ

இரவில் எத்தனை வோல்ற் இருந்தது? இரண்டாவது ரான்சிஸ்ரரின் கலெக்ரரில்.

கோண்டாவில் கிற்றார்

4.6. பாதிக்குக் கிட்ட வர வேண்டும் என்று படித்தேன், வந்தது. மைனஸ் 4.6 என்று சொல்ல வேண்டும்.

பழைய றேடியோ

நாளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, தகரப் பந்தலுக்குக் கீழே வைத்து அரை மணித்தியாலம் கழித்து அள. பிறகு கதைப்போம்.

ஸ்காபரோ குளிர்

ஐயா எங்கே வருகிறார் என்று விளங்குகிறது. நான் இங்கே பெப்ரவரியில், நிலக்கீழ் அறையில் செய்த பெடலைச் சித்திரைக்கு ஊருக்குக் கொண்டுவந்தேன். மச்சானின் வீட்டில் எடுத்து வாசித்தால், தகரத்தில் மணல் கொட்டின மாதிரி. சுரம் எழும்பி உடனே வெட்டுப்படுகிறது. பற்றரிதான் பிழை என்று மூன்று பற்றரி மாற்றினேன். கடைசியில் மச்சானின் மனைவி ஐஸ்பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள் என்று பகிடியாகச் சொன்னா. பத்து நிமிடம் வைத்தேன். பழையபடி பாடியது! பக்கத்தில் இருந்த மீனின் மணம்தான் இன்னும் போகவில்லை.

கோண்டாவில் கிற்றார்

அளந்தேன். 6.3!!

பற்றரி அதே பற்றரி, ஒன்றையும் தொடவில்லை. சத்தமும் அண்ணை சொன்ன மாதிரிக் கரகரத்தது. இது எப்படி?

பழைய றேடியோ

ஜேர்மானியம் ஒழுகும், தம்பி. பேஸ் காலில் ஒன்றும் கொடுக்காவிட்டாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு 10 பாகை ஏற, அந்த ஒழுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முதல் ரான்சிஸ்ரர் ஒழுகினால் அது தன் பேஸுக்குக் கேட்கிற கரண்ட் குறையும். அந்தக் கரண்ட் வருவது இரண்டாவதன் எமிற்றர் காலில் இருந்து, 100 கிலோ ஓம் வழியாக. ஆகவே இரண்டாவது அடங்கிப்போகும், அதன் கலெக்ரர் 9 ஐ நோக்கி ஏறும். நீ கண்ட 6.3 அதுதான். உன் அடப்ரரை எப்படி மாற்றினாலும் இது போகாது.

வழி இருக்கிறது. 8.2 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு 20 கிலோ ஓம் பிறீசெற் ஒன்றைப் போடு. வெயிலில் கூட்டு, இரவில் குறை. பெட்டியில் ஒரு துளை போட்டுவிட்டால் சின்னத் திருப்புளியால் மேடையிலேயே திருப்பலாம். அடுத்தது, ஒழுக்குக் குறைந்த ரான்சிஸ்ரரைத் தெரிந்தெடு. உன் இரண்டில் குறைவாக ஒழுகுவதை முதலாவதாக வை. முதலாவதின் பெருக்கம் 70, 80, இரண்டாவது 110, 120 என்று வந்தால் நல்ல சோடி. மீற்றரில் உள்ள பெருக்கம் அளக்கிற துளையை நம்பாதே, அது ஒழுக்கையும் பெருக்கம் என்று கூட்டிக் காட்டும்.

பழைய றேடியோக்கள் கிடைத்தால் எனக்குச் சொல். ஓசி 71, ஓசி 81 எல்லாம் நல்லவை. ஓசி 71 கண்ணாடிக் குப்பி, மேலே கறுப்புப் பூச்சு. பூச்சைச் சுரண்டினால் வெளிச்சம் பட்டு வேலை மாறும், சுரண்டாதே. ஏஎஃப் 117 கிடைத்தால் சந்தோசப்படாதே. உள்ளே வெள்ளீயம் மயிர் மாதிரி வளர்ந்து காலையும் கோதையும் சேர்த்துவிடும். அந்தக் காலத்து றேடியோக்கள் பல அதனால்தான் ஊமையாகின. ஈயம் பிடிக்கும்போது காலைக் குறட்டால் இறுக்கிப் பிடி, சூடு உள்ளே போகக் கூடாது. சொக்கெற் போட்டால் இன்னும் நல்லது, மாற்றி மாற்றிக் கேட்கலாம்.

சுண்டிக்குளி பேஸ்

அப்போ நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மத்தியான நிகழ்ச்சி என்றால் ஐஸ் பழ வண்டியைப் பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

கோண்டாவில் கிற்றார்

இரண்டு நாள் இருந்து செய்தேன். 20 கிலோ ஓம் பிறீசெற் போட்டாயிற்று, வெயிலில் திருப்பி 4.7 க்குக் கொண்டுவந்தேன், அழுகிறது, பாடுகிறது, எல்லாம் செய்கிறது. அக்கா சொன்ன 1 கிலோ ஓம் பிறீசெற்றும் 470 கொண்டென்சரும் போட்டேன். அதில்தான் சிக்கல். கடைசி வரை திருப்பினால் 8 க்குக் கிட்ட வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பெடலை அமத்தினால் 5.3 தான் காட்டுகிறது. அமத்தாமல் விட்டால் 8.2. காலால் ஒவ்வொரு தரமும் மிதிக்க வோல்ற்றேஜ் ஊஞ்சல் ஆடுகிறது.

மானிப்பாய் மின்

எல்ஈடிக்குக் கரண்ட் எங்கேயிருந்து எடுத்தீர்கள்? பிறீசெற்றுக்கு முன்னாலா, பின்னாலா? அதோடு அந்த 1 கிலோ ஓமை மாற்றினீர்களா?

கோண்டாவில் கிற்றார்

பின்னால்… மாற்றவும் இல்லை.

பழைய றேடியோ

திரும்பவும் விளக்குக்காரன்.

மானிப்பாய் மின்

அதுதான். எல்ஈடியின் 3.3 மில்லி அம்பியரும் அந்த 1 கிலோ ஓம் பிறீசெற் வழியாகவே வருகிறது, அது மட்டுமே 3.3 வோல்ற்றைத் தின்கிறது. எல்ஈடியைப் பற்றரிப் பக்கத்துக்கு, பிறீசெற்றுக்கு முன்னால் மாற்றுங்கள். பின்னால் பாட்டுக்காரர் மட்டும் இருக்கட்டும். கொண்டென்சரின் பிளஸ் கால் எர்த்துக்குப் போக வேண்டும் என்பதையும் ஒருக்கால் பாருங்கள். உங்கள் பெடலில் எல்லாம் தலைகீழ்.

கோண்டாவில் கிற்றார்

மாற்றினேன். 10 கிலோ ஓமும் போட்டேன். இப்போது மிதித்தாலும் விட்டாலும் 8.2. இன்றைக்குப் பின்னேரம் முழுக்க வாசித்துப் பார்த்தேன், 7660 எஸ் இல்லாமல், பற்றரியில்தான். பிறீசெற்றைக் கூட்டிக் குறைத்துக் கேட்டதில் எனக்குப் பிடித்த இடம் 8.4 வோல்ற். அண்ணைக்குச் சந்தோசமாக இருக்கும், பாவித்த கார்பன் சிங்கின் வோல்ற்றேஜ்.

ஸ்காபரோ குளிர்

நான் சொன்னேனல்லவா!

மானிப்பாய் மின்

காரணம் பிழை என்றுதான் நான் சொன்னேன் அண்ணை.

சுண்டிக்குளி பேஸ்

வெள்ளிக்கிழமை சுன்னாகத்தில் நிகழ்ச்சி, பின்னேரம் நாலு மணி, தகரக் கொட்டகை. திருப்புளியை மறக்காமல் கொண்டு வா. ட்ரம்ஸ்காரருக்கு நான் சைக்கிள் கதையைச் சொல்லிவிட்டேன், மனுசன் கோபமாக இருக்கிறார்.